கை படாத ஆயிரமாவது தரையிறக்கம்

எதையும் செய்யாமல் இருந்ததற்காக எனக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. சான்றிதழிலேயே அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது: "இக்கட்டான தருணத்திலும் எதையும் செய்யாமல் இருந்தமைக்காக." கீழே மூன்று கையெழுத்து. மூன்றும் மேடையில் உட்கார்ந்திருந்தவர்களுடையவை.

மேடையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். விசாரணைக் குழுவின் அறிக்கைப்படி அப்படி ஒரு மேடையே கிடையாது.

நான் துணை விமானி. எங்கள் நிறுவனத்தில் பதினேழு விமானங்கள். பதினேழும் பனிமூட்டத்தில் தாமாகவே தரையிறங்கக்கூடியவை. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஓடுபாதையின் கடைசி முனையில் சிவப்புக் கம்பிகளாக ஓர் ஆன்டெனா வரிசை நிற்கும். அது ஓடுபாதையின் நடுக்கோட்டை ரேடியோ அலையாக வானத்தில் நீட்டிவிடுகிறது. இந்தப் பக்க முனையில் இன்னொன்று, எவ்வளவு சரிவில் இறங்க வேண்டும் என்று சொல்கிறது. விமானத்தின் தானியங்கி இரண்டையும் பிடித்துக்கொண்டு வரும். வேகத்தை இன்னொரு தானியங்கி கவனிக்கும். காற்று தள்ளினால் என்ஜினைக் கூட்டும், விட்டால் குறைக்கும். வயிற்றுக்கு அடியில் இருக்கும் கருவி தரை எவ்வளவு கீழே என்று அளந்துகொண்டே வரும். ஐம்பது அடிக்கு வந்ததும் மூக்கு மெல்ல உயரும். சக்கரம் தொடும். நடுக்கோட்டிலேயே ஓடி நிற்கும்.

நல்ல கருவி. எனக்கு அதன்மேல் புகார் இல்லை. கண் தெரியாத ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வருவதைப் போலத்தான் அது வரும். கயிறு நேராக இருக்கும்வரை அவர் நம்மைவிட நன்றாக நடப்பார். யாராவது கயிற்றை இடப்பக்கம் இழுத்துக் கட்டிவிட்டால், இடப்பக்கம்தான் நடப்பார். அது அவர் தப்பில்லை.

பனிமூட்டத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம் அந்த ஆன்டெனாவுக்கு முன்னால் ஈ காக்கா விடாது. பெரிய இரும்பு எதிரே நின்றால் அலை வளையும். வெயிலடிக்கும் நாளில் அந்தக் காவல் கிடையாது. விமானிகள்தான் கண்ணால் பார்க்கிறார்களே என்று விட்டுவிடுவார்கள். ஆகவே பனிமூட்டத்தைவிட வெயிலில்தான் தானியங்கித் தரையிறக்கத்துக்கு அதிகக் கவனம் வேண்டும். கை கட்டுப்பாட்டின் மேலேயே இருக்கட்டும் என்று எங்கள் புத்தகத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது. முதல் வருடப் பாடம்.

பனிமூட்டச் சான்று காலாவதியாகாமல் இருக்க ஒவ்வொரு விமானமும் இத்தனை நாளுக்கு ஒருமுறை தானாக இறங்கிக் காட்ட வேண்டும். பல் தேய்ப்பது மாதிரி ஒரு வேலை. யாரோ ஒருவர் எண்ண ஆரம்பித்தார். எண்ணினால் எண்ணிக்கைப் பலகை வரும். பலகை வந்தால் அதைத் துடைக்க ஒரு பிரிவு வரும். தானியங்கி மாண்புப் பிரிவு வந்தது. அதற்கு ஓர் இயக்குநர் வந்தார். அவரை நாங்கள் 'மாண்பு' என்றோம், அவர் காதில் விழாமல்.

மாண்பு பதவியேற்ற அன்று பேசினார்.

"மனுஷன் தப்பு பண்ணுவான். கை மனுஷனோட உறுப்பு. அதனால கைதான் தப்பு. நான் இருபத்திரண்டு வருஷமா இந்த நிறுவனத்துல இருக்கேன். இதுவரைக்கும் எதையும் தொட்டதில்ல. அதனாலதான் இன்னைக்கு இங்க நிக்கறேன்."

எல்லாரும் கைதட்டினோம். கைக்கு அது அனுமதிக்கப்பட்ட வேலை.

அதன் பிறகு, கையால் தரையிறக்கும் விமானிகள் 'கை விளக்கப் படிவம்' நிரப்ப வேண்டியிருந்தது. எந்தக் கை, எந்த விரல், என்ன காரணம். எங்கள் கேப்டன்களில் ஒருவருக்கு அலுவலகம் 'கைக்காரி' என்று பெயர் வைத்திருந்தது. நாற்பத்தைந்து வயது இருக்கும். வானம் தெளிவாக இருந்தால் தானியங்கியை அணைத்துவிட்டுக் கையால்தான் இறக்குவார். "ஓட்டாம இருந்தா ஓட்ட மறந்துடும்பா" என்பார். 'எந்த விரல்' என்ற கட்டத்தில் "எல்லாம், நன்றாக ஒத்துழைத்தன" என்று எழுதியவர் அவர்தான்.

பலகை தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதைக் காட்டியதும் விழா என்று முடிவானது. விமானி அறையில் கேமரா வைத்து, ஆயிரமாவது தரையிறக்கத்தைப் பெரிய திரையில் காட்டுவதாகத் திட்டம். முறைப்பட்டியல்படி அன்று கைக்காரியின் பயணம். துணை விமானியை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். விளம்பர அதிகாரி எங்கள் ஒன்பது பேரை வரிசையாகக் கேமராவுக்கு முன் உட்கார வைத்தார். என் முறை வந்தபோது திரையை உற்றுப் பார்த்தார்.

"இவர்தான். முகத்துல ஒண்ணுமே இல்ல பாருங்க. அருமை! எப்படி சார் பழகினீங்க?"

என் மனைவி இறந்து அப்போது நான்கு மாதம். அதைச் சொல்லவில்லை. "பழகிடுச்சு" என்றேன்.

சுற்றறிக்கை வந்தது. ஆயிரமாவது தரையிறக்கத்தின்போது இரு விமானிகளும் கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ள வேண்டும். பத்து விரலும் கேமராவில் தெரிய வேண்டும். மோதிரம் கூடாது, ஒளி அடிக்கும்.

நான் கல்யாண மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். யாரும் வற்புறுத்தவில்லை.

கைக்காரி சுற்றறிக்கையைப் படித்துவிட்டு விளம்பர அதிகாரியிடம் கேட்டார்: "என் கை தெரியும். எங்க இருக்கணுமோ அங்க தெரியும். அது இருக்கட்டும், மேடை எங்க போடறீங்க?"

"ஓடுபாதை முடியற இடத்துல, கேப்டன். தலைவர், இயக்குநர் எல்லாம் அங்கதான். விமானம் பின்னாடி ஓடி வந்து நிக்கும், இவங்க முன்னாடி சிரிப்பாங்க. தகரக் கூரை, இரும்புச் சட்டம், நல்ல உறுதி."

"அங்கதானே ஆன்டெனா இருக்கு?"

"அந்தச் செவப்புக் கம்பிங்களா? படத்துல ரொம்ப அசிங்கமா இருந்துது. அதான் மேடையால மறைச்சுட்டோம்."

கைக்காரி பிறகு மாண்புக்கு ஒரு கடிதம் எழுதினார். மேடை அலையை வளைக்கும், இடம் மாற்றுங்கள் என்று. பதில் அன்றே வந்தது: "தங்கள் நல்வாழ்த்துக்கு நன்றி."

விழா நாள். சுள்ளென்று வெயில். நூற்று நாற்பத்திரண்டு பயணிகள். ஊழியர்களின் குடும்பங்கள் பார்ப்பதற்காக, சக்கரம் தொடும் இடத்துக்கு இடப்பக்கம், புல்லில் வெள்ளை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஓரத்திலிருந்து எண்பது அடி. 'உணர்வுபூர்வமான தூரம்' என்று அழைப்பிதழில் போட்டிருந்தது.

ஆயிரம் அடியில் கருவி விளக்கு எல்லாம் பச்சை. நான் கைகளைக் கட்டிக்கொண்டேன். கைக்காரியின் ஒரு கை கட்டுப்பாட்டுக் கம்பியின் மேல், இன்னொன்று என்ஜின் நெம்புகோல்களின் மேல்.

"தம்பி, கையைப் பிரி."

"சுற்றறிக்கை, கேப்டன்."

"சரி. வாயையாவது திறந்து வை. ஏதாவது சரியில்லன்னா சொல்லு."

"சரி கேப்டன்."

என் வேலை கருவிகளைப் பார்ப்பது. பார்த்தேன். நடுக்கோட்டு அலையைக் காட்டும் முள் நடுவில் இருந்தது. வேகம் சரி. சரிவு சரி. இருநூறு அடிக்குக் கீழே ஏதோ வெள்ளையாகப் பளிச்சிட்டது. நிமிர்ந்து வெளியே பார்த்தேன். நாற்காலிகள். அவை கண்ணாடியின் ஓரத்தில் இருக்க வேண்டியவை. நடுவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. ஓடுபாதை வலப்பக்கம் விலகிக்கொண்டிருந்தது. குனிந்து கருவியைப் பார்த்தேன். முள் நடுவில்தான் இருந்தது. கயிற்றை யாரோ இழுத்துக் கட்டியிருந்தார்கள். தானியங்கி சமர்த்தாகப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

நான் எதுவும் சொல்லவில்லை.

கைக்காரி தானியங்கியை அணைக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். எச்சரிக்கை ஒலி அலறியது. வலது இறக்கை தாழ்ந்தது, நிமிர்ந்தது. நாற்காலிகள் ஜன்னலின் இடது மூலைக்குப் போய் மறைந்தன. சக்கரம் கொஞ்சம் பலமாகவே தொட்டது, ஆனால் நடுக்கோட்டில். ஓடி நின்றோம். தூரத்தில், மேடையில் இருந்தவர்கள் எங்களுக்கு முதுகைக் காட்டிப் படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

என் கைகள் இன்னும் கட்டித்தான் இருந்தன. கைக்காரி அதைப் பார்த்தார்.

ஒன்பதாம் நாள் 'கை பட்ட விவகார விசாரணைக் குழு' கூடியது. தலைவர் மாண்பு. உறுப்பினர்கள் விளம்பர அதிகாரியும் தலைமை விமானியும். தலைமை விமானி பதினோரு வருடமாக மேசையைத் தவிர வேறெதையும் ஓட்டாதவர். கூட்டத்துக்கு முன்னால் தாழ்வாரத்தில் என் தோளில் கை போட்டார்.

"தம்பி, உனக்கு வேலை சுலபம். கருவி என்ன காட்டிச்சு?"

"நடுவுல, சார்."

"அதைச் சொல்லு. பொய்யில்ல பாரு."

"வெளிய..."

"வெளிய பாக்கறது உன் வேலையே இல்லையே. பாக்காததை ஏன் சொல்ற?"

உள்ளே நீள மேசை. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். மாண்பு தொண்டையைச் செருமினார்.

"கேப்டன், தானியங்கி சரியா வேலை செஞ்சுதா?"

"செஞ்சுது சார்."

"அப்புறம் ஏன் தொட்டீங்க?"

"அது அலையைச் சரியாத்தான் பின்பத்திச்சு. அலை வளைஞ்சிருந்துது."

"அலை வளைஞ்சதைக் கண்ணால பாத்தீங்களா?"

"அலை கண்ணுக்குத் தெரியாது சார்."

"தெரியாத ஒண்ணை நம்பி, தெரிஞ்ச ஒண்ணைத் தொட்டிருக்கீங்க. எழுதிக்கோங்க."

செயலாளர் எழுதிக்கொண்டார்.

"ஆன்டெனாவுக்கு முன்னாடி மேடை இருந்துது சார். அதான் காரணம்."

"எந்த மேடை? நேத்து குழு நேர்ல போய்ப் பாத்துது. புல்லுதான் இருக்கு."

"விழா முடிஞ்சதும் பிரிச்சுட்டாங்க."

"அப்போ இல்லன்னு நீங்களே ஒத்துக்கறீங்க."

"நீங்க அதுமேலதானே உட்கார்ந்திருந்தீங்க சார்!"

"நான் நாற்காலில உட்கார்ந்திருந்தேன். நாற்காலிக்குக் கீழ என்ன இருந்துதுன்னு நான் எதுக்குப் பாக்கணும்? கீழ பாக்கற பழக்கம் எனக்கு எப்பவுமே கிடையாது."

விளம்பர அதிகாரி ஒரு படத்தைக் காட்டினார். குடும்பங்கள் எழுந்து ஓடுகின்றன, நாற்காலிகள் கவிழ்ந்து கிடக்கின்றன. கைக்காரி, "இதைப் பாருங்க" என்றார்.

"பாத்தோம். உற்சாகத்துல எழுந்து ஓடியிருக்காங்க. இவ்ளோ வரவேற்பை நாங்களே எதிர்பார்க்கல."

கருவிப் பதிவு வந்தது. முள் கடைசிவரை நடுவில். விமானம் இடப்பக்கம் மூன்று டிகிரி சாய்ந்ததும் பதிவாகியிருந்தது. தலைமை விமானி அதைப் பார்த்துவிட்டு, "அது ஒரு கம்பீரம்" என்றார்.

பிறகு அரைமணி நேரம், இந்தத் தரையிறக்கத்தை எப்படி எண்ணுவது என்று விவாதித்தார்கள். நூறு அடிவரை தானியங்கிதான் கொண்டுவந்தது. வேகத் தானியங்கி அதற்குப் பிறகும் உழைத்தது. அவர்களின் உழைப்பை மறுக்க முடியாது. கடைசியில் பலகையில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதே முக்கால் என்று போடுவதாகத் தீர்மானம் நிறைவேறியது.

என் முறை.

"துணை விமானி, கேப்டன் தொடறதுக்கு முன்னாடி விமானம் விலகினதை நீங்க பாத்தீங்களா?"

கைக்காரி என்னைப் பார்க்கவில்லை. தன் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

நான் பயந்தது வேலைக்காக அல்ல. அது போனால் போகட்டும் என்ற நிலையில்தான் இருந்தேன். பார்த்தேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி, ஏன் சொல்லவில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

"கருவியைப் பாத்துட்டிருந்தேன் சார். முள் நடுவுல இருந்துது."

மூடி ஒரு கணம் நின்றது. மறுபடி திருகியது.

தீர்ப்பு: கேப்டன் ஓராண்டுக்குப் பறக்கக் கூடாது. அந்த ஓராண்டும் 'விமானம் நகராத இடத்தில்', அதாவது பயிற்சிப் பெட்டியில், தொடாமல் இருப்பது எப்படி என்று மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். அறுபது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். விமானி அறையில் இருந்து கண்ணால் கண்ட ஒருவரின் எழுத்துச் சாட்சி வேண்டும். அந்த அறையில் இரண்டு இருக்கைதான்.

துணை விமானிக்குப் பாராட்டு, சான்றிதழ், கேப்டன் பதவி உயர்வுக்கான பயிற்சி.

ஒரு மாதத்தில் விமான நிலையமெங்கும் என் படம். கைகளைக் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒன்றும் இல்லாமல். "நாங்கள் தலையிடுவதில்லை" என்று அடியில் வாசகம். சகாக்கள் என்னைக் 'கைகட்டி' என்றார்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில் மட்டும் நான்கு படம்.

வீட்டில் நானும் என் மாமியாரும். மகள் போன பிறகு அவர் தன் ஊருக்குத் திரும்பவில்லை. நானும் போகச் சொல்லவில்லை. காலையில் அவர் சமைப்பார், இரவு நான் பாத்திரம் துலக்குவேன். பேச்சு குறைவு. அன்று சான்றிதழைத் தூசு தட்டிக்கொண்டே கேட்டார்.

"மாப்ள, இது எதுக்குக் குடுத்தாங்க?"

"ஒண்ணும் செய்யாததுக்கு, அத்தை."

"அதுக்கெல்லாமா குடுக்கறாங்க?"

தட்டியதை மாட்டினார். கோணலாக இருந்தது. சரி செய்தார்.

"நான் அன்னைக்கு அங்க வந்திருந்தேன். உங்க கிட்ட சொல்லல."

நான் நிமிர்ந்தேன். வரமாட்டேன் என்று சொல்லியிருந்தார்.

"முன் வரிசை. வீட்லயே இருந்து என்ன பண்றதுன்னு வந்தேன். நேரா எங்க மேலதான் வந்துச்சு. பக்கத்துல ஒரு பொண்ணு, மடியில கைக்குழந்தை. அவளால சட்டுனு எழுந்திருக்க முடியல. அப்புறம் திரும்பிடுச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "அந்தம்மாதானே திருப்பினாங்க?"

"ஆமா."

"அப்போ நீங்க?"

 அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என்னிடம் பதில் வராது என்று அவருக்குத் தெரியும். மருத்துவமனையில் கடைசி நாள், "முகம் சரியில்ல மாப்ள, டாக்டரைக் கூப்பிடுங்க" என்று அவர்தான் சொன்னார். திரையில் எண்கள் எல்லாம் பச்சையாக இருந்தன. நானும் பார்த்தேன், அவள் முகம் சரியில்லைதான். "நம்பர் எல்லாம் நல்லா இருக்கு அத்தை" என்றேன். அதைப் பற்றி அவர் அதன் பிறகு ஒருமுறைகூடப் பேசியதில்லை. பேசியிருக்கலாம்.

பதவி உயர்வுக்கான கடைசிப் பயிற்சி, தீர்ப்பு வந்த ஐம்பத்தொன்பதாம் நாளில் வந்தது. பயிற்சிப் பெட்டி என்பது ஆறு கால்களில் நிற்கும் வெள்ளைப் பெட்டி. உள்ளே அப்படியே விமானி அறை; ஜன்னலில் படமாக ஓடுபாதை. பயிற்சியாளரின் மேசை பின்னால். மழை, காற்று, கோளாறு எல்லாம் அங்கிருந்து வரும்.

பயிற்சியாளர் கைக்காரி.

"வாங்க சார். உட்காருங்க" என்றார். அதுவரை அவர் என்னை 'நீ' என்றுதான் சொல்லியிருக்கிறார்.

படிவத்தைக் காட்டினார். மாண்புப் பிரிவு தயாரித்தது. ஒரே ஒரு கேள்வி: கை பட்டது, எத்தனை முறை? பூஜ்யம் என்றால் தேர்ச்சி. தூங்கிவிட்டாலும் தேர்ச்சி. அதற்கு முந்தின வாரம் ஒருவர் அப்படித் தேறியதாகச் சொன்னார்கள்.

"இன்னைக்குத் தானியங்கித் தரையிறக்கம். தெளிவான வானம். ஓரத்துல சில வண்டி நிக்கும், கண்டுக்காதீங்க."

இறங்கினேன். எல்லாம் பச்சை. கைகள் கட்டியிருந்தன. இருநூறு அடிக்குக் கீழே ஓடுபாதை வலப்பக்கம் விலகியது. முள் நடுவில். அதே மாதிரி. அவர் பின்னாலிருந்து அலையை வளைத்திருந்தார். பார்த்தேன். எனக்குத் தெரிந்துதான் இருந்தது. வாய் வரை வந்தது. வெளியே வரவில்லை. மஞ்சள் வண்டி பெரிதாகி ஜன்னலை அடைத்தது. படம் சிவப்பாக மாறி உறைந்து நின்றது.

பெட்டிக்குள் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

"பூஜ்யம்" என்றார் கைக்காரி. "தேறிட்டீங்க. வாழ்த்துகள் கேப்டன்."

கேலியாகச் சொல்லவில்லை. படிவத்தில் பூஜ்யத்தைப் போட்டுவிட்டார். நான் எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு தடவ போடுங்க, கேப்டன்."

"தேறினப்புறம் எதுக்கு?"

"போடுங்க."

அவர் பூஜ்யத்தை அடித்தார். ஓடுபாதை மறுபடி தொலைவில் தோன்றியது. ஆயிரம். ஐந்நூறு. கைகளைப் பிரித்தேன். அவை என் கைகள் மாதிரி இல்லை, மரத்துப்போயிருந்தன. முன்னூறு. இருநூறு. விலகத் தொடங்கியது.

"இடப்பக்கம் போகுது!"

கத்தியிருக்கிறேன். பெட்டிக்குள் கத்தத் தேவையில்லை. சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். எச்சரிக்கை அலறியது. வலப்பக்கம் திருப்பினேன், அதிகமாகத் திருப்பிவிட்டேன், மீட்டேன். சக்கரம் குதித்தது. ஒருமுறை, இருமுறை. மோசமான தரையிறக்கம். ஆனால் ஓடுபாதைக்குள். விமானம் நின்ற பிறகும் நான், "இடப்பக்கம் போகுது, இடப்பக்கம் போகுது" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். வெளியிலிருந்து பொறியாளர் கதவைத் தட்டினார்.

"என்னாச்சு கேப்டன்? ஏதாவது உடைஞ்சுதா?"

"ஒண்ணுமில்ல, பயிற்சிதான்" என்று கைக்காரி குரல் கொடுத்தார்.

என் முகம் நனைந்திருந்தது. அவள் போய் நான்கு மாதமும் இரண்டு மாதமும் ஆறு மாதம். அதுவரை அப்படி நேர்ந்ததில்லை. அவர் அதைப் பார்த்தும் பாராதவர் போல எழுதிக்கொண்டிருந்தார்.

"கை பட்டது, ஒருமுறை. தேர்ச்சி இல்லை. இங்க கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். கீழே 'குறிப்பு' என்று இரண்டு வரி காலியாக இருந்தது. பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் எழுத ஆரம்பித்தேன்.

"அதுல எழுதாதீங்க" என்றார். "அந்தப் படிவத்துல எண்ணை மட்டும்தான் படிப்பாங்க. எழுதணும்னா தனித் தாள்ல எழுதுங்க. நாளைக்கு சாயந்தரம் அஞ்சு மணி கடைசி."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஐம்பத்தொம்போது நாளாத் தெரியும்."

அவர் மேசை இழுப்பறையிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து வைத்தார். எழுதினேன். முள் நடுவில் இருந்தது, ஓடுபாதை நடுவில் இல்லை. கேப்டன் தொடுவதற்கு முன்பே நான் அதைப் பார்த்தேன். சொல்ல வேண்டியது என் கடமை, சொல்லவில்லை. குழுவின் முன் மறைத்தேன். நான்கு வரி. இதற்கு ஐம்பத்தொன்பது நாள் ஆகியிருக்கிறது.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். திருப்பித் தந்தார்.

"எவ்ளோ முன்னாடி பாத்தீங்கன்னு எழுதல. கேப்பாங்க."

"மூணு செகண்டு."

கைக்காரி சுவரில் இருந்த கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். நொடி முள் நகர்ந்தது. மறுபடி நகர்ந்தது. மறுபடி.

"ரொம்ப நேரம்" என்றார்.

நான் அதை எழுத்தால் எழுதினேன். பிறகு யாரும் திருத்த முடியாதபடி, பக்கத்தில் எண்ணாலும் எழுதினேன்.